சத்தம் ஏன் வேறு?

கேள்வி: என்னிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஹார்லி டேவிட்சன் வைத்திருக்கிறார். இரண்டிலும் இரண்டு சிலிண்டர்தான். சத்தம் மட்டும் ஏன் வேறு? ஹார்லியில் இருக்கும் அந்த வி-ட்வின் எஞ்சின் (இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில V வடிவில் நிற்பது) பைக்குக்கு மட்டும்தானா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: நல்ல காது உங்களுக்கு! சத்தத்தை முடிவு செய்வதில் பெரும்பங்கு, சிலிண்டர்களுக்குள் எரிபொருள் வெடிக்கும் வெடிப்புகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு. ஹார்லியில் சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் நிற்கின்றன. பிஸ்டனை கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு இரண்டும் ஒரே கிராங்க் பின்னில் (ராடு மாட்டும் முளை). முதல் சிலிண்டர் வெடித்து கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் இரண்டாவது வெடிக்கும். அப்புறம் முதலாவது மறுபடி வெடிக்க 405 டிகிரி ஆகும். ஐடிலில் கேட்கும் நொண்டி நடை அதுதான்.

கோணம் குறுகலாக இருப்பதால் பைக் ஃபிரேமுக்குள் எஞ்சின் கச்சிதமாக உட்காரும். ஆனால் பின் சிலிண்டருக்குக் காற்று குறைவு. நம் ஊர் சிக்னல்களில் தொடை சுடும். இத்தாலிய பைக் நிறுவனமான மோட்டோ குஸ்ஸி இதற்கு அழகான வழி கண்டது: எஞ்சினைத் திருப்பி வைத்து, இரண்டு சிலிண்டரையும் இடமும் வலமுமாகக் காற்றில் நீட்டிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 90 டிகிரி வி. குஸ்ஸி, டுகாட்டி, சுசுகி எஸ்வி650 எல்லாம் இந்த ஜாதி. ஒரு பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் நேரத்தில் மற்றது நடுவழியில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். கிராங்கில் சரியான எதிர் எடை வைத்தால் முதல்நிலை அதிர்வு (கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் நடுக்கம்) அடங்கிவிடும்; அதற்கென்று தனியாக பாலன்சர் தண்டு வேண்டாம். வெடிப்பு இடைவெளி 270, 450 டிகிரி.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். இன்டர்செப்டரில் சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நின்றாலும், கிராங்க் பின்களை 270 டிகிரி தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் வெடிப்பு முறை அதே 90 டிகிரி வி-யுடையதுதான். அருகில் டுகாட்டி வந்தால் கேட்டுப் பாருங்கள், ஹார்லியைவிட அதுவே உங்கள் வண்டிக்கு நெருங்கிய உறவு.

பைக்குக்கு மட்டுமா என்றால், இல்லை. ஜெர்மன் எஞ்சின் முன்னோடிகளான டைம்லரும் மேபாக்கும் 1889-இல் வி-ட்வினைப் பொருத்தியது நான்கு சக்கர வண்டியில். மாஸ்டா 1960-இல் விட்ட குட்டிக் கார் ஆர்360-இலும் 356 சிசி வி-ட்வின்தான். இன்று இது பெருமளவில் உழைப்பது புல்வெட்டும் வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் ஆகியவற்றில். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், ஹோண்டா மூவரும் தயாரிக்கிறார்கள். புல்வெட்டும் வண்டிகள் பலவற்றில் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்க, சிலிண்டர்கள் படுத்திருக்கும். இருக்கையில் அமர்ந்து ஓட்டுபவருக்குப் பார்வை மறைக்காத அளவுக்கு எஞ்சின் தாழ்வாக அடங்கிவிடும்.