பழைய பொம்மை, உடைஞ்ச சாமான் வெச்சு செய்ற சிற்பம்னா என்ன?

கல்லு செதுக்காம, களிமண்ணு பிசையாம, கைக்கு கிடைச்ச பழைய பொம்மை, ஸ்பிரிங், கப் கைப்பிடின்னு இருக்கறதை சேத்து ஒரு உருவம் கொண்டு வர்றதுதான் இது. மேகத்துல யானை தெரியுதே, அதே கதைதான், கண்ணு வாய் மாதிரி ஏதாவது இருந்தா மூளை அதை முகமாக்கிடும். பிக்காசோ 1951ல செஞ்ச குரங்கு சிலையை பாருங்க, மகனோட ரெண்டு பொம்மை காரை எடுத்து, ஒண்ணை நேரா, இன்னொண்ணை கவுத்து, அடியோட அடி சேத்து வெச்சார், முன்கண்ணாடி கண்ணாச்சு, நடுவுல இருந்த இடைவெளி வாயாச்சு, செம மூளை! நீங்களும் செஞ்சு பாக்கறீங்கன்னா, பிளாஸ்டிக்ல ஃபெவிகால் நிக்காது, உப்புத்தாள் தேச்சுட்டு எம்சீல் போடுங்க. சாமான் நிறைய சேத்தாதான் சிற்பம்னு பலரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, பிக்காசோவோட 1942 காளைத் தலை சிற்பத்துல இருக்கிறது சைக்கிள் சீட்டும் ஹேண்டில்பாரும் மட்டும்தான்.