தொட்டில் பக்கத்தில் இருப்பவர்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸின் இம்ப்ரஷனிஸ ஓவியர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பெர்த் மொரிசோவின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. யாரென்று தேடிப் பார்த்தேன். தொட்டில், குழந்தை, தோட்டம், கண்ணாடி முன் ஒரு பெண். மோனே ரயில் நிலையத்தை வரைகிறார், தெகா குதிரைப் பந்தயத்தை வரைகிறார். இவர் வீட்டு வாசலையே தாண்டவில்லையே? பெண் என்ற சலுகையில்தான் இன்று தூக்கிப் பிடிக்கிறார்களா?

(ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது என் தப்புதான். ஆனால் சலுகை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-ல். மொரிசோ 1895-லேயே இறந்துவிட்டார். வசதியான வீட்டுப் பெண் துணையில்லாமல் வெளியே போக முடியாத காலம். ஆண் ஓவியர்கள் கூடி வாதாடிய காபிக் கடைக்கு அவர் போயிருக்கவே முடியாது. பந்தய மைதானத்துக்கு எங்கே போவது!

மானே (மோனே அல்ல, எடுவார் மானே, பிற்பாடு இவர் கணவரின் அண்ணன் ஆனவர்) செய்ததைக் கேளுங்கள். அம்மாவும் அக்காவும் இருக்கும் படத்தை 1870 சலோனுக்கு (பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி) அனுப்புமுன் மொரிசோ அவரிடம் அபிப்பிராயம் கேட்டார். படத்தில் பாவாடைமேல் லேசாகத் தூரிகை வைக்க ஆரம்பித்த மானே உடம்பு, தலை, பின்னணி என்று தீற்றிக்கொண்டே போனார். வாசலில் வண்டி காத்திருந்தது, அப்படியே ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது. மகளோ, இது தேர்வாவதைவிட ஆற்றடியில் கிடப்பது மேல் என்றார். தேர்வாகிவிட்டது.

சரி, தொட்டிலுக்கு வருவோம். அக்கா எட்மாவைத் தெரியாமல் பார்த்தால் அது வெறும் தாயும் சேயும்தான். அக்காவும் தங்கையும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். இயற்கைக் காட்சி ஓவியர் கொரோவிடம் பாடம், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவது, 1864 சலோனில் இருவர் படங்களும். 1869-ல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸை விட்டுப் போனார். தூரிகை ஏறக்குறைய அதோடு நின்றது. நினைப்பில் உன் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுகிறேன், கால் மணி நேரமாவது அந்தக் காற்றைச் சுவாசிக்க ஆசை என்று தங்கைக்கு எழுதினார்.

1872-ல் மொரிசோ வரைந்த தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இந்த எட்மாதான். உள்ளே தூங்குவது அவர் மகள் பிளான்ஷ். படத்தைப் பெரிதாக்கி அந்த மெல்லிய திரையைப் பாருங்கள். வெள்ளை என்று சொல்லிவிடுகிறோம். கிட்டே போனால் நீலமும் சாம்பலும் ரோஸும் கலந்து கிடக்கின்றன. துணியையும் காட்ட வேண்டும், துணி வழியே தெரியும் குழந்தையையும் காட்ட வேண்டும். நாலு தீற்றல் கூடிப்போனால் குழந்தை மறைந்துவிடும். எட்மா கன்னத்துக்குக் கொடுத்திருக்கும் கை மடங்கியிருக்கிறது, குழந்தையின் கையும் அதே மாதிரி. தாய்மைப் பூரிப்பு எதுவும் அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை. அசதி, அப்புறம் என்னவோ ஒரு யோசனை.

1874-ல் முதல் இம்ப்ரஷனிஸக் கண்காட்சியில் இதை வைத்தார். ஏறக்குறைய முப்பது பேரில் அவர் ஒருவர்தான் பெண். படம் விற்கவில்லை. குடும்பத்திலேயே இருந்து, 1930-ல்தான் லூவர் வாங்கியது. ஆனால் இம்ப்ரஷனிஸ ஓவியர்கள் நடத்திய 1875 ஏலத்தில், கேலிக்கும் கூச்சலுக்கும் நடுவே, அவருடைய வேறொரு படம் 480 பிராங்குக்குப் போனது. மோனே, ரெனுவார் படங்களுக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை. அந்தக் கூட்டமா சலுகை காட்டியிருக்கும்?

இன்னொரு படத்தையும் தேடிப் பாருங்கள். 1865 வாக்கில் எட்மா வரைந்தது. அதில் தூரிகையும் கையுமாக நிற்பவர் தங்கை பெர்த்.