காபி கிரைண்டருக்குச் சின்ன ஹாப்பர்: கேள்வி பதில்

கேள்வி: கிரைண்டரின் தலையில் காபிக் கொட்டை போடும் டப்பாவான 250 கிராம் ஹாப்பரை எடுத்துவிட்டு 50 கிராம் பிடிக்கிற மாதிரி வைக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. அடுத்து, ஹாப்பரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். கழுத்தில் காதுகள், பள்ளங்கள், சில மாடல்களில் ஒரு சின்ன முளை தெரியும். ஹாப்பரின் அடிப்பாகம் மெஷினைச் சேர்ந்தது; மேல்பாகம்தான் வெறும் டப்பா. அதனால் நான் சொல்லும் வழி: உதிரி ஹாப்பர் ஒன்று வாங்கி, கழுத்துக்கு மேலே 2 செ.மீ. விட்டு அறுத்து, அதில் அக்ரிலிக் குழாயைச் செருகுங்கள். வறுத்த கொட்டை ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 0.35 கிராம். 50 கிராமுக்கு 145 மில்லி இடம் வேண்டும். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாயில் 8 செ.மீ. உயரம் போதும்.

குழாயின் வெளிவிட்டம், அறுத்த வாயின் உள்விட்டத்தைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அரை மி.மீ. தடிமனுள்ள உணவுத்தர சிலிக்கான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் கச்சிதமாக உட்காரும். வெர்னியர் காலிபரில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாய் சரியான வட்டமாக இருக்காது. அறுப்பதையும் உப்புத்தாள் போடுவதையும் கிரைண்டரை விட்டுத் தள்ளி வைத்துச் செய்து, கழுவிக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: என் மெஷினில் ஹாப்பரைத் திருப்பித்தான் அரைப்பளவை மாற்ற வேண்டும். வெறும் குழாய் செருகலாமா?

பதில்: கூடாது. அந்தக் காதுகள்தான் பர்ரை, அதாவது கொட்டையை அரைக்கும் பல்லுள்ள வட்டை, திருப்புகின்றன. மேலே சொன்னபடி அடிப்பாகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாப்பர் இல்லாவிட்டால் மோட்டார் ஓடவில்லை. அந்தச் சின்ன சுவிட்சை டேப் போட்டு அழுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். கழுத்திலுள்ள முளை அந்த சுவிட்சை அழுத்தினால்தான் மோட்டாருக்குக் கரன்ட் போகும். டேப் போட்டால், திறந்த வாயில் விரல் இருக்கும்போதும் பர் சுற்றும்.

கேள்வி: சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா? 3டி பிரின்டில் செய்யலாமா?

பதில்: தெளிவான பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூ வெள்ளையாகப் பூத்துவிடும். இறுக்கமாகச் செருகினாலே போதும், கழற்றிக் கழுவவும் வசதி. பிரின்ட் என்றால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியிலேயே இளகும், பிஇடிஜி பிளாஸ்டிக் எடுங்கள். அடுக்குகளின் வரிகளில் காபி எண்ணெய் தங்கிச் சிக்கடிக்கும், உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

கேள்வி: ஹாப்பர் சின்னதானால் அரைப்பு மாறும் என்பதெல்லாம் பிரமை. பர் இடைவெளி அதேதானே?

பதில்: இடைவெளி அதேதான், கொட்டை உள்ளே போகிற வேகம் அதே அல்ல. மேலே பாரம் இருந்தால் கொட்டை நெருக்கியடித்து இறங்கும். பாரம் குறைந்தால் பர்ரின் மேல் சோளப்பொரி மாதிரி துள்ளும், உள்ளே போவது மெதுவாகும், நைசான தூள் குறையும். எஸ்பிரெஸோவில் தண்ணீர் சீக்கிரம் இறங்குவதில் இது நேராகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் நிறைத்தே வைக்கலாமே. சின்ன ஹாப்பர் எதற்கு?

பதில்: கொட்டை நாள்கணக்கில் காற்றுபட்டு வாசனை இழக்காமல் இருக்கத்தான். அதற்காக அரைப்பை ஓரிரு படி நைசாக்குவது சின்ன விலை. துள்ளலைக் குறைக்க, கொட்டையின் மேல் ஒரு ஸ்டீல் வில்லை வையுங்கள். வில்லை, கீழே பர்ருக்குப் போகும் துவாரத்தைவிட நிச்சயம் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே விழுந்தால் பர் போயிற்று. குழாயும் துவாரமும் ஒரே அளவாக இருந்தால் வில்லையே வேண்டாம், மூடி போதும்.

கேள்வி: சுவிட்சுக்குப் பதில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால்?

பதில்: அதே கேள்வி, அதே பதில். வேண்டாம்.

கேள்வி: தூள் பறந்து ஒட்டுகிறது.

பதில்: ஸ்பூன் காம்பை நனைத்து, அரைக்கும் முன் கொட்டையை ஒரு கலக்குக் கலக்குங்கள். ஒரு சொட்டு ஈரம்தான், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என்னுடையது பிளேடு கிரைண்டர்.

பதில்: அதில் ஹாப்பரே கிடையாது. இது பர் கிரைண்டருக்கு மட்டும்.

கேள்வி: என் மெஷினில் முளைக்குப் பதில் காந்தம். வேறொரு காந்தத்தை ஒட்டிவைத்தால்…

பதில்: அதுவும் சுவிட்ச்தான். காந்தம் பதிந்த பழைய கழுத்தை அப்படியே வைத்து மேலே அறுங்கள். உள்ளே குறுக்குக் கம்பி இருந்தால் அதையும் வெட்டாதீர்கள், விரல் இறங்காமல் தடுப்பது அதுதான்.