61 வயதில் மறுபடி புல்லட்: தாராளமாக ஓட்டலாம் சார்

வணக்கம் சார். ரொம்ப வருஷம் கழித்து 61 வயதில் புல்லட் வாங்கினால் முழங்கால் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஷோரூமில் உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 மாடல் சுமார் 195 கிலோ; வலித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குக் கவலை உங்கள் பழைய பழக்கம்தான். அந்தக்கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது தலைகீழ். மாடு குறுக்கே வந்தால் கால் பழைய இடத்தைத்தான் தேடும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பீர்கள். கொஞ்ச நாள் விடியற்காலையில் உங்கள் தெருவிலேயே ஓட்டிப் பழகுங்கள், ப்ளீஸ்.

அப்புறம் ஈசிஆர், அதாவது சென்னையிலிருந்து போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது பற்றி. முட்டுக்காடு பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அந்தக் காற்றுக்காகவே போகலாம் சார்!

லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி டெஸ்ட் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.