சருகுத் தீ

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்களோடு கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைக்கு சஃபாரி போனோம். புலி கண்ணில் படவில்லை. ஜீப்பில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளைப் பார்த்தேன். புலிக்கு மனிதர் இல்லாத காடுதானே வேண்டும்? வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் தருகிறார்கள். பள்ளி, மருத்துவமனை கிடைக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிடலாமே? காட்டுக்குத் தீ வைக்கும் பழக்கமும் அவர்களுக்கு இருந்ததாக வழிகாட்டி சொன்னார்.

– கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி,

பள்ளி, மருத்துவமனையை விட்டுவிடுகிறேன். அவை காட்டில் இருப்பவருக்கும் சேரவேண்டியவை. வெளியே வந்தால்தான் தருவோம் என்பது பேரம். ஆனால் போகிறபோக்கில் தீயைப் பற்றி எழுதினீர்களே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கும் அதே நினைப்புதான்.

தீ வைத்தார்கள், உண்மை. எப்போது, எப்படி என்று வழிகாட்டியிடம் கேட்டீர்களா? கோடை முற்றுவதற்கு முன்பே, தரையில் கிடக்கும் சருகு மட்டும் எரிகிற மாதிரி வைப்பார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. உண்ணி சாகும், பாதை தெரியும், மழை விழுந்ததும் புதுப்புல் வரும். லண்டானா என்ற அந்நியக் களைச்செடியின் கன்று கருகிப்போகும்.

1974இல் அந்தக் காடு சரணாலயமானது. தீ குற்றமானது. அப்புறம் நடந்ததற்கு உங்கள் படமே சாட்சி. ஜீப்புக்குப் பின்னால் அழகாகப் பூத்துக் கிடக்கும் புதர், லண்டானா. 1997இல் அளந்த இடங்களை ஆய்வாளர்கள் 2008இல் திரும்பப் போய் அளந்தார்கள். அந்தச் செடி இருந்த இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாமல் கடமான் எதைத் தின்னும்? கடமான் இல்லாமல் உங்கள் புலி எதைத் தின்னும்? சின்னத் தீயை நிறுத்தியதால் காடு எரியாமலும் இல்லை. காய்ந்த லண்டானாவில் பற்றினால் தீ மரத்தின் உச்சிக்கே ஏறும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததே, மறந்துவிட்டதா?

அந்த மலையில் ஒரு சோளகப் பெரியவர் என்னை ஒரு நெல்லிமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பாதிக் கிளைகளில் புல்லுருவி, மரத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிச் செடி. தடித்த இலை, கிளையோடு கிளையாக ஒட்டிய வேர். சருகுத் தீயின் சூட்டில் இது இந்த அளவுக்கு ஏறாது என்றார். காய் பறிக்கப் போகும்போது புல்லுருவி பிடித்த கிளையைத் தறித்துவிட்டு வருவார்களாம். 2002 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சரணாலயத்தில் நெல்லி, தேன், கல்பாசி எடுத்து விற்கத் தடை வந்தது. தறிக்கவும் ஆளில்லை. சொல்லிக்கொண்டே ஒரு கிளையை ஒடித்துக் கீழே போட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் ‘காலி செய்துவிட்டு வரலாமே’ என்று உங்களுக்கு எழுத வந்திருக்காது.

உங்கள் புலிப்பாசம் பொய்யென்று சொல்லவில்லை. இந்த வயதில் காட்டை நினைத்துத் தூக்கம் கெடுவது நல்ல குணம், அதை விடாதீர்கள். ஆனால் அரை நாள் ஜீப்பில் சுற்றிவிட்டு, தலைமுறைகளாக அங்கே இருப்பவரைக் காட்டுக்குப் பாரம் என்று தீர்மானிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுக்கிறது. அதன்படி 2011இல் அந்தச் சோளகர்கள் சமூக உரிமை, அதாவது காட்டின் மேல் ஊருக்கே பொதுவான உரிமை, பெற்றார்கள், புலிகள் காப்பகம் அறிவித்த அதே வருடம்.

15 லட்சமா? விரும்பிக் கேட்பவர் வாங்கிக்கொள்ளட்டும். சட்டமும் சம்மதத்தைத்தான் கேட்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சத்தியமங்கலத்திலும் சோளகர் இருக்கிறார்கள். 2008இல் வந்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா முடங்கியது. 2016இல் அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை அப்படியே கிடந்தது. அடுத்த விடுமுறையில் அங்கே போங்கள். சஃபாரி வேண்டாம். எத்தனை ஊருக்குச் சமூக உரிமை வந்திருக்கிறது என்று கிராமசபையில் கேட்டு எழுதுங்கள்.