ஸ்பிட்டிக்கு ஆறு நாள் போதுமா?

கேள்வி: ஜூனில் பிள்ளைகளுக்கு லீவு. டெல்லி வெயிலிலிருந்து தப்பித்து ஜீப்பில் ஹிமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய் வரலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 13 வயதுப் பெண், 6 வயதுப் பையன், 68 வயது மாமியார். மாமியார் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். டிராவல்ஸில் ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார்கள்: ராத்திரி பஸ்ஸில் மணாலி, அங்கிருந்து அன்றைக்கே ஜீப்பில் சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரம், மறுநாள் ஸ்பிட்டியின் பெரிய ஊரான காஸா. இது சரிப்படுமா? மாமியாரை அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: ஸ்பிட்டிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் இந்தத் திட்டத்தில் போகாதீர்கள்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி, அங்கேயே படுத்துத் தூங்கவும் சொல்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், ராத்திரி படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலைப் பயணத்தில் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாங்களும் முதல் தடவை இப்படித்தான் போனோம். ராத்திரி பதினோரு மணிக்கு, அப்போது எட்டு வயதான என் மகன், தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. டிரைவர் வந்து டார்ச் அடித்து அவன் முகத்தைப் பார்த்தார், கூடாரத்துக்குள் நாலு அடி நடக்கச் சொன்னார், நேராக நடந்தான், அதனால் முதல் வெளிச்சம் வரும்வரை பொறுத்து உடனே கீழே இறங்கினோம். சத்ரு என்ற இடத்தைத் தாண்டி இறங்கியதும் பின் சீட்டிலிருந்து பிஸ்கட் கேட்டான். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஏரியை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை.

அதனால் தலைகீழாகப் போங்கள், சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் லீவு எடுத்தால் போதும், முன்னும் பின்னும் சனி, ஞாயிறு சேர்ந்து ஒன்பது நாள் கிடைக்கிறது. சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பி நார்கண்டா, ஞாயிறு கல்பா, திங்கள் தாபோ, செவ்வாய் டங்கர் மடாலம் பார்த்துவிட்டு காஸா. உயரக் கணக்கைப் பாருங்கள்: நார்கண்டா சுமார் 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,700. நம் வீட்டு மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறுகிறது, உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கிறது. புதன் காஸாவில் சும்மா இருங்கள், மிஞ்சினால் கீ மடாலம். வியாழன் காஸாவுக்கு மேலே இருக்கும் லாங்ஸா, ஹிக்கிம் கிராமங்கள். ஹிக்கிமில் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது, பையன் பெயருக்கே ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். வெள்ளி மணாலி. சனிக்கிழமையைக் காலியாக விடுங்கள், ஏனென்றால் அந்தச் சாலையில் ஒரு மண்சரிவு வந்தால் ஒரு நாள் போய்விடும்.

இந்த வழியில் இன்னொரு லாபம், பாலைவனம் எப்படி உண்டாகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். கல்பாவில் தேவதாருவும் ஆப்பிள் தோட்டமுமாக இருக்கும், அப்புறம் காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலக்கிறது, அதைத் தாண்டினால் மரமே கிடையாது, வெறும் மண் நிற மலைகள். பருவமழை மேகம் தெற்கே இருக்கும் மலைத்தொடரிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது, இந்தப் பக்கம் வருவது கொஞ்சம்தான்.

மாமியார் விஷயம். அவருடைய டாக்டரிடம் "ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லாமல், 3,700 மீட்டரில் மூன்று ராத்திரி படுக்கப் போகிறோம், 4,500க்கு மேல் கணவாய் ஏறப் போகிறோம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். காஸாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு, உயரத்தில் பிபி ஏறவும் செய்யும். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கச் சாப்பிடும் டயாமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரே முடிவு செய்யட்டும், சல்பா மருந்து அலர்ஜி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால் அழைத்துப் போங்கள், தாபோ மடாலத்தை அவர் பார்க்க வேண்டும். கி.பி. 996இல் கட்டியது, அதாவது ராஜராஜன் ஆண்ட காலம், தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்குப் பதினாலு வருஷம் முன்னால். வெளியே பார்த்தால் மண் சுவர்தான். உள்ளே இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிஷம் ஆகும், பிறகு சுவரைச் சுற்றிலும் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். என் அம்மா அங்கே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மேலே போனபின் யாருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தாலும் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள், இறங்குவதுதான் மருந்து. ஆறு வயதுப் பையனுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாமல் போகலாம், சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் காரணமில்லாமல் சிணுங்கினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பில் முன் சீட் மாமியாருக்கு. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பின் சீட் உள்ள வண்டி வேண்டவே வேண்டாம், அந்த வளைவுகளில் யாராலும் தாங்க முடியாது. இஞ்சி மொரப்பா கையில் இருக்கட்டும். காஸாவில் டேங்கை நிரப்பிவிடுங்கள், கணவாய் வழியில் வெகுதூரத்துக்கு பங்க் கிடையாது. வெள்ளிக்கிழமை டிரைவர் ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்றால் ஐந்துக்கே கிளம்புங்கள். பனி உருகி வரும் ஓடைகள், அங்கே நாலா என்பார்கள், காலையில் கணுக்காலளவு இருப்பது மத்தியானத்துக்கு மேல் சக்கரத்தை மூடும். ஜூன் ஆரம்பம் என்றால் காஸாவுக்கும் மணாலிக்கும் நடுவே இருக்கும் குன்ஸும் கணவாய் திறந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பா சைவம், சோறு இல்லாமல் முடியாது. ஸ்பிட்டியில் என்ன செய்வது?
- ஒரு வாசகர், கரோல் பாக்

பதில்: சோறு, பருப்பு, ராஜ்மா எல்லா ஊரிலும் கிடைக்கும். துக்பா என்ற நூடுல்ஸ் சூப் சொன்னால் வெஜ் என்று அழுத்திச் சொல்லுங்கள். காஸாவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு நன்றாக வேகாது, குக்கர் சோறா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் அப்பாவுக்குக் கவலையில்லை. பாட்டில் மூடியைப் பாலிதீன் போட்டுக் கட்டுங்கள், உயரத்தில் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும், அதே காரணத்தால் பாட்டிலும் கசியும்.

கேள்வி: லாங்ஸாவில் நத்தை மாதிரி சுருள் இருக்கும் கல் விற்கிறார்களாமே, வாங்கலாமா?
- பத்தாம் வகுப்பு மாணவன், ஆர்.கே. புரம்

பதில்: தம்பி, வாங்காதே. அது அம்மோனைட், இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே இருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த உயிரின் புதைபடிவம், கிட்டத்தட்ட 15 கோடி வருஷம் பழையது. ஆளுக்கு ஒன்று எடுத்துவந்தால் அந்த மலையில் படிக்க ஒன்றும் மிஞ்சாது. ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நட, பாறையிலேயே பதிந்திருப்பதைக் காட்டுவார், அந்த வரிகளை விரலால் தடவிப் பார். உன் பாட்டி வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருந்தால் அதுவும் இதே கடலிலிருந்து வந்ததுதான், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டு வந்த அம்மோனைட். பாட்டியிடம் கேட்டுவிட்டு, அதன் துளைக்குள் டார்ச் அடித்துப் பார், அதே சுருள் தெரியும்.