சமவெளியில் ஆறு ஏன் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போகிறது?

சரிவு குறைவு என்பது பாதிக் காரணம்தான். வளைவில் மேல்மட்ட நீர் வெளிக்கரையில் முட்டிக் கீழிறங்கி, அடியோட்டமாக உட்கரைக்குத் திரும்பும். இறங்கும்போது வெளிக்கரையின் அடிமண்ணை அரித்துவிடும்; அடி வெறுமையானதும் மேற்கரை பாளம் பாளமாகச் சரியும். அந்த மண்ணில் பெரும்பகுதி எதிரே அல்ல, கீழே வரும் வளைவுகளின் உட்கரையில்தான் மணல்திட்டாகப் படியும். அடுத்தடுத்த இரு வளைவுகள் சேர்ந்து நேர்க்கோட்டில் அடைக்கும் நீளம், பொதுவாக ஆற்றின் அகலத்தைப் போல 10 முதல் 14 மடங்கு. வளைவின் கழுத்து குறுகினால், வெள்ளத்தில் ஆறு அதை அறுத்துக்கொண்டு நேரே போய்விடும். பழைய வளைவு குதிரைலாட ஏரியாகத் தேங்கும்.

வாய்க்கால் மாதிரி நேராக வெட்டிவிட்டால்? நீளம் குறையும், சரிவு கூடும். வேகமெடுத்த நீர் மேற்புறப் படுகையைத் தோண்டிக் கீழ்ப்புறத்தில் கொட்டும். கரைக்குக் கல் அடுக்கினாலும் கரையின் அடிப்பகுதியைக் காக்காமல் விட்டுவிட்டால், வெள்ளம் வரும்போது கல் ஆற்றுக்குள்தான் கிடக்கும்.